ஐந்து ஸ்பீக்கரும் சண்முகத்தாயும்

9.11 சனி

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. கொடியில் போட்ட போர்வை மூன்றாம் நாளாகக் காயவில்லை.

11 மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முகைதீன் பாய் சாமான்களோடு ஆட்டோவில் வந்தார். ஹோம் தியேட்டர் கடைக்காரர். அவரே ஏணியில் ஏறி, அவரே ட்ரில் போட்டு, அவரே மாட்டினார். வந்தவை:

டி.வி. 65 இன்ச் - 1
ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப் - 1 (கடையில் டெமோவுக்கு ஓடியது)
ஸ்பீக்கர் - 5 (முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு)
சப்வூஃபர் - 1. தரையில் உட்கார்ந்து உறுமுவது.
ரிமோட் - 3. எதற்கு எது என்று சிவப்பு நூல், பச்சை நூல், நூல் இல்லை.

மில் ரிஜிஸ்டர் மாதிரிதான் எழுதப் போகிறேன். வேறு மாதிரி எழுதத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிக்கல் பார்த்தவன். என்ன கோளாறு, எந்த செட்டிங்கை மாற்றினேன், என்ன பலன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரி பண்ணியது என்று யாருக்கும் தெரியாது.

கோளாறு: என் மனைவி சண்முகத்தாய் (இனி ச.). வயது 61. இரண்டு வருஷமாக மறதி நோய். மதுரை டாக்டர் ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், "பழகிக்கோங்க" என்றார். எதை என்று சொல்லவில்லை.

ச.வுக்கு சினிமா என்றால் உயிர். கல்யாணமானதிலிருந்து வாரத்துக்கு ஒரு படம், தீபாவளி என்றால் இரண்டு. போன மாதம் தியேட்டரில் இடைவேளைக்கு முன்பே எழுந்து நின்று கத்தினாள். லைட்டைப் போட்டார்கள். முன்சீட்டில் ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவதற்குள் எனக்கு வேஷ்டி நனைந்துவிட்டது, வியர்வையில். அன்றோடு தியேட்டர் முடிந்தது.

நாலு மணி ஆனால்தான் பெரிய தொல்லை. "ஷிப்டு முடிஞ்சுட்டு, வீட்டுக்குப் போணும்" என்று வாசல் கதவைப் போட்டு உலுக்குவாள். இருப்பதே வீட்டில். இரண்டு வாரம் முன்பு நான் பாத்ரூமில் இருந்த நேரம் பார்த்து, தென்காசி ரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

மகள் கோமதி ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். மதுரையில் ஒரு காப்பகம் பார்த்துப் பேசி வைத்திருக்கிறாள். 17ஆம் தேதி ஞாயிறு வந்து அம்மாவைக் கூட்டிப் போவதாகப் பேச்சு. "நீங்க ஒத்த ஆளா எம்புட்டு நாளைக்குப்பா பாப்பிய? ஒங்களுக்கே பி.பி. எகிறுது." நான் சொன்னேன்: சாயங்காலம் ஒரு ரெண்டரை மணி நேரம் அவளை உட்கார வைத்துவிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். நீ வருகிற அன்று உன் கண் முன்னால் ஒரு படம் முழுக்க உட்காருவாள். உட்காராவிட்டால் கூட்டிக்கொண்டு போ.

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லியிருக்கக் கூடாது.

3.40. முதல் ஓட்டம். பாய் வைத்துவிட்டுப் போன செட்டிங் அப்படியே. வால்யூம் 45. படத்தில் மழை. பின் ஸ்பீக்கர் இரண்டும் சோவென்று கொட்டின. ச. எழுந்து கொல்லைக்கு ஓடிக் கொடியில் இருந்ததையெல்லாம் அள்ளி வந்து சோபாவில் போட்டாள். "பாத்துக்கிட்டே இருக்கியளே, துணி நனையுது தெரியல?"

பலன்: 4 நிமிஷம்.

10.11 ஞாயிறு

வெயில், மத்தியானம் வரை. இட்லி மாவு தீர்ந்தது. ச.வுக்குத் தலைக்கு ஊற்றினேன். சீயக்காய் கண்ணில் பட்டு என்னை அடித்தாள். நியாயம்தான்.

மாற்றம்: பின் ஸ்பீக்கர்கள், நேற்றைய அளவில் பாதி.

படத்தில் கல்யாண வீடு. யாரோ ஒருத்தி பின்னால் இருந்து சிரித்தாள். ச. திரும்பினாள். இன்னொரு முறை திரும்பினாள். பிறகு அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளர் எடுத்து வந்து பின் சுவரோரம் வைத்தாள். இரண்டும் காலி.

"யாருக்கு?"

"வந்தவியளுக்குத்தான். நிக்க வச்சே பேசுதிய. உக்காரச் சொல்லக் கூடாதா?"

ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்தேன். மாட்டுவதற்காக பாய் சுவரில் போட்ட ஓட்டை எட்டு.

பலன்: 11 நிமிஷம். 'முன்னேற்றம்' என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

கோமதி போன். "அம்மா சாப்ட்டாளா?" "சாப்ட்டா." "நீங்க?" "ஆச்சு." ஆகவில்லை.

11.11 திங்கள்

விடாத மழை. பால்காரர் வரவில்லை. கறுப்புக் காபி.

மாற்றம்: சப்வூஃபர், பாதி அளவு.

எனக்குக் காது பாதிதான் கேட்கும், மில் கொடுத்தது. சப்வூஃபர் எவ்வளவு இருக்கிறது என்று காதில் தெரியவில்லை, உள்ளங்காலில் தெரிந்தது. ச.வுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. சோபாவிலிருந்து காலை இறக்கித் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் மில்லில் அவள் நின்ற தரையும் அப்படித்தான் அதிரும்.

"சங்கு ஊதிட்டா?"

"இல்ல. உக்காரு."

"ஊதிட்டு. எல்லாரும் போயாச்சு. பிள்ள தனியா கெடக்கும்."

பிள்ளைக்கு முப்பத்தாறு வயது, அவளுக்கே இரண்டு பிள்ளைகள். சொன்னேன். சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் சொன்னேன். கதவை உலுக்கினாள். பூட்டியிருந்தது. என் இடுப்புச் சாவியைப் பிடுங்க வந்தாள். நான் கையைப் பிடித்தேன். பிடித்த பிடியை விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் அழுத பிறகுதான் விட்டேன்.

கையில் என் விரல் நாலும் சிவப்பாக. இதையும் எழுதத்தான் வேண்டும். கோளாறை மறைக்கிறவன் ஃபோர்மேனாக இருக்க லாயக்கில்லை என்று எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.

சப்வூஃபர் ஆஃப். ஆத்திரத்தில் விதியை மீறி டி.வி.யின் பிக்சர் செட்டிங்கையும் மாற்றினேன். 'விவிட்' வைத்தால் எல்லார் முகமும் குங்குமம் அப்பின மாதிரி. 'சினிமா' வைத்தால் மஞ்சள் மங்கல், "இருட்டிட்டு, வெளக்கப் போடுங்க." கடைசியில் 'ஸ்டாண்டர்ட்'. பிரைட்னஸ் 50, கான்ட்ராஸ்ட் 85, ஷார்ப்னஸ் 10.

பலன்: 6 நிமிஷம்.

தேங்காயெண்ணெய் தடவினேன். "யாரு இப்படிப் பண்ணுனா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். நம்பவில்லை.

12.11 செவ்வாய்

மேகமூட்டம். மாத்திரை, தீப்பெட்டி, ச.வுக்கு உள்பாவாடை வாங்கணும்.

மாற்றம்: நடு ஸ்பீக்கர். வசனம் அதில்தான் வரும். ஆறு புள்ளி கூட்டினேன். பேச்சு தெளிவாக, எனக்கே கேட்கிற அளவுக்கு.

ஹீரோ பேச ஆரம்பித்ததும் ச. முகத்தைச் சுளித்தாள்.

"பொய் சொல்லுதான்."

"யாரு?"

"இவன்தான். வாயில ஒண்ணு, வயித்துல ஒண்ணு. பொய்யி."

ஹீரோவின் அம்மா பேசினாள். அவளும் பொய். நீதிபதி பேசினார். "இவனும்தான். எல்லாரும் ஒரே கூட்டு. என்னய ஏமாத்துதாவ." ரிமோட்டை எறிந்தாள். சிவப்பு நூல் ரிமோட், பேட்டரி மூடி போச்சு.

படுக்கை அறையில் பழைய சின்ன டி.வி. இருக்கிறது. அதில் செய்தி ஓடியபோது ஒன்றும் சொல்லவில்லை. செய்தி வாசிக்கிறவர் மட்டும் மெய் பேசுகிறார் போல. சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

பலன்: 9 நிமிஷம். கோளாறு: மூளை. இதற்கு எந்த ரிமோட்டும் இல்லை.

பாயிடம் போனில் சொன்னேன், சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று. "அவசரப்படாதீய அண்ணாச்சி. அக்காவையும் கூட்டிட்டு நாளைக்குக் கடைக்கு வாங்க, வேற மாடல் ஓட்டிப் பாப்போம்" என்றார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களைக் கண்டால் இப்போது எரிச்சலாக வருகிறது.

13.11 புதன்

தெளிந்த வானம். 10.20 பஸ். ச. ஜன்னலோரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டதும் தானாகக் கும்பிட்டாள். அது மறக்கவில்லை. என் தங்கை பெயர் மறந்துவிட்டது.

கடையில் சுவர் முழுக்க டி.வி. பன்னிரண்டு. பாய் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றின் சத்தத்தையும் அடைத்து வைத்திருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொரு ஆம்பின் விலைச்சீட்டைப் பார்க்கிற மாதிரி பாவனை.

ச. சிரிக்கிற சத்தம் கேட்டது. எத்தனை மாதம் ஆகிறது.

ஒரு டி.வி. முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். "மாப்பிள வீட்டுக்காரவிய வந்துட்டாவ. ஏட்டி, காப்பி கொண்டா. இப்பமா வாரது?" அப்புறம் வேறு குரலில், "நான் வர மாட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்." ஏதோ சீரியல். பைத்தியம் முற்றிவிட்டது என்று எழுந்தேன்.

பாய் போனைக் கீழே வைத்துவிட்டு அந்த டி.வி.க்கு மட்டும் சத்தத்தைக் கூட்டினார். அதில் வந்த கல்யாணப் பெண் சொன்னாள்: "எனக்கு வேணாம். யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?" ச. அதே பேச்சைச் சத்தம் இல்லாதபோதே தன் பாஷையில் சொல்லியிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, அக்காவுக்கு வாய் பாக்கத் தெரியுமா?"

தெரியுமாவா. உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்பின்னிங்கில் மெஷின் ஓடும்போது காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதடு மட்டும் அசையும். ஆறு மெஷினுக்கு அப்பால் நிற்கிறவளோடு குழம்பு, மாமியார், மேஸ்திரி எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள், நூல் அறுந்ததையும் கட்டிக்கொண்டே. நான் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டதே அப்படித்தான். ஃபியூஸ் போட வந்த இடத்தில், தூணுக்குப் பக்கத்தில், சத்தமே இல்லாமல். அவளும் சத்தமில்லாமல் "எங்கம்மாட்டக் கேளுங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் அந்த மில்லில் இருந்தேன், அவளோடு முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன், ஐந்து நாளாக ஸ்பீக்கரைத் திருகிக்கொண்டிருக்கிறேன். அவள் காதால் கேட்கிறவள் இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

"பொய் சொல்லுதான்னு சொன்னா" என்றேன் பாயிடம். "உதடு ஒண்ணு சொல்லி முடிச்ச பொறவு சத்தம் வந்தா?"

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் தப்பு அண்ணாச்சி. அந்த ஆம்ப்ப இங்க புரொஜக்டரோட ஓட்டுனோம். அதுல படம் செத்த பிந்தி வரும். அதுக்காகச் சத்தத்தையும் பிந்தி வச்சிருந்தேன், 120. மாத்த மறந்துட்டேன். ஆனா அது ஒரு செகண்ட ஆயிரமா வகுந்தா அதுல நூத்திருவது. மனுசனுக்குத் தெரியாது."

"மில்லுக்காரிக்குத் தெரியும்."

பஸ் ஸ்டாண்டில் ச.வுக்குப் பால்கோவா. இலையோடு நக்கினாள். திரும்பும்போது என் தோளில் தூங்கினாள். எத்தனையோ நாள் கழித்து நானும் கண்ணை மூடினேன், ஸ்டாப்பைத் தவற விட்டோம்.

14.11 வியாழன்

லேசான வெயில். கொத்தமல்லித் துவையல், சாதம்.

மாற்றம்: சத்தத் தாமதம். ஆம்ப் மெனுவில் 'செட்டப்', அதற்குள் 'ஆடியோ டிலே'. பத்துப் பத்தாகக் குறைத்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, 120இலும் சரி 20இலும் சரி. ச.தான் மீட்டர்.

120 - பொய்.
100 - பொய்.
80 - பொய், கோபம் குறைவு.
60 - "திக்கித் திக்கிப் பேசுதான்."
50 - ஒன்றும் சொல்லவில்லை.
40 - "ம். இப்பம் சரியாச் சொல்லுதான்."
30 - திரும்ப முகச்சுளிப்பு.
40.

பக்கத்து வீட்டு சீதம்மா (தெலுங்கு பேசுகிறவர்) நல்ல படம் என்று சொன்ன டப்பிங் படத்தைச் சோதனைக்குப் போட்டேன். நாயகி வாயைத் திறந்த உடனே "பொய்யி." சரிதானே. தெலுங்கில் வாயசைத்தால் தமிழில் எப்படி மெய் பேசுவாள். வாய்விட்டுச் சிரித்தேன், அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டப்பிங் கூடாது. முகம் பெரிதாகக் காட்டுகிற பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். இறுதி செட்டிங்:

பின் ஸ்பீக்கர் - ஆஃப்
சப் - ஆஃப்
நடு ஸ்பீக்கர் - கூட்டியது பழையபடி 0
வால்யூம் - 28
பிக்சர் - ஸ்டாண்டர்ட்
டிலே - 40

3.45க்குப் போட்டேன். நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. கதவுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு பாட்டுக்கு எழுந்தாள், உட்கார்ந்தாள்.

பலன்: 52 நிமிஷம்.

கோமதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சந்தோசம்பா. ஆனா ஞாயித்துக்கிழமை பையோடதான் வருவேன், கோவிச்சுக்கிடாதீய" என்றாள். வா. பையைத் திரும்பக் கொண்டுபோகலாம்.

15.11 வெள்ளி

மழை. அதே படம். அதே செட்டிங். அதே சோபா, அதே 3.45, தலையில் அதே பிச்சிப்பூகூட.

படம் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். வால்யூம் 28, 20, 12. எதிலும் பொத்தின கையை எடுக்கவில்லை. "அடிக்காவ, அடிக்காவ" என்றாள். யாரும் அடிக்கவில்லை, படத்தில்கூட. சோபாவிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். கழுவிவிடப் போனபோது சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைத் தொட விடவில்லை. சீதம்மா வந்து உதவினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

பலன்: 0.

எல்லா செட்டிங்கும் சரியாக இருந்து, மெஷின் நேற்று ஓடி இன்று ஓடாவிட்டால் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷத்தில் நாலைந்து தடவை எழுதியிருக்கிறேன். மாற்ற ஒன்றும் இல்லை, கழற்றி வெளியே போடவும் என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எனக்கு வயது 65. களைத்துவிட்டேன். காப்பகத்தில் அவளை அடிக்க மாட்டார்கள் என்று கோமதி சொல்கிறாள், கண்ணாடி வைத்த அறை, நர்ஸ் உண்டு. நானும்தான் அடிக்கவில்லை. கையைத்தான் பிடித்தேன்.

அவள் போய்விட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை எழுதிவிட்டேன்.

16.11 சனி

வெறிச்சென்ற வானம். சோபா உறையை மூன்று தண்ணீரில் அலசிப் போட்டேன்.

நாலு மணிக்குக் கதவை உலுக்க ஆரம்பித்தாள். தடுக்கத் தெம்பில்லை. படத்தைப் போட்டுவிட்டு, காதைப் பொத்துவாளே என்று சத்தத்தை முழுக்க அடைத்தேன். வால்யூம் 0. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப், ஒரு ஆம்ப், எட்டு ஓட்டை. எல்லாம் சும்மா.

கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷம். இருபது. நான் மூச்சு விடாமல் பக்கத்தில். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, சுவர்க் கடிகாரத்தைத் தவிர. அவள் உதடு மட்டும் படத்தில் பேசுகிறவர்களோடு சேர்ந்து அசைந்தது.

எனக்கு ஏதோ தோன்றி, குரலை எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தேன். மில் பாஷை. எத்தனை வருஷம் ஆயிற்று. 'டீ குடிக்கியா?'

திரும்பினாள். டாக்டரிடம் எல்லாம் குழம்பிக் குழம்பிப் பேசுகிறவள் சட்டென்று பதில் சொன்னாள், அவளும் உதட்டால்தான். 'மேஸ்திரி பாக்காரு. பொறவு.'

'அவன் கெடக்கான்.'

'ஒங்களுக்கென்ன, திட்டு வாங்குதது நானு.' கண்ணை உருட்டினாள்.

முக்கால் மணி நேரம் பேசினோம். சத்தமில்லாமல். நூல் நம்பர், கேண்டீன் வடை, பஞ்சு பறந்து மூக்கை அடைப்பது, யாரோ ஒருத்தி பிரசவத்துக்குப் போய் வராதது. வரிசையாக, தெளிவாக, ஒரு வார்த்தை தவறாமல். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, நாங்கள்தான் இத்தனை நாளும் தப்பான வழியில் பேசிக்கொண்டிருந்தோம் என்றுகூட நினைத்தேன். உதட்டால் பேசியதில் என் முகமெல்லாம் வலித்தது, கண்ணில் தண்ணீர் வேறு.

நான் யார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

பலன்: படம் முழுக்க. 2 மணி 20 நிமிஷம்.

17.11 ஞாயிறு

குளிர்காற்று, மழை இல்லை. ச.வுக்குப் பச்சைச் சேலை கட்டிவிட்டேன். ரவிக்கை முழுக்கை, திங்கட்கிழமை தடம் மஞ்சளாகியிருக்கிறது, தெரியாது.

கோமதி 3 மணிக்கு வந்தாள். புதுப் பை ஒன்று. அதில் அம்மாவின் பெயரை மார்க்கரில் எழுதியிருந்தாள். நாலு சேலை, போர்வை, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பரீட்சை ஹாலில் டீச்சர் மாதிரி.

3.45. வால்யூம் 0.

"சத்தம் இல்லியேப்பா?"

"வேண்டாம்."

நாலு மணி தாண்டியது. நாலரை. கோமதி மணியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். ஐந்தரைக்கு எழுந்து அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். ச. அசையவில்லை. படம் முடிந்து எழுத்து ஓடும்வரை உட்கார்ந்திருந்தாள். 6.05.

"அம்மா இங்கயே இருக்கட்டும்பா" என்றாள் கோமதி. "சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நானும் வாரேன், ரெண்டு நாளைக்கு ஒருக்கா."

ஜெயித்துவிட்டேன். ச. என் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தூண் பக்கத்தில் சிரித்த சிரிப்பு இல்லை, கூட வேலை பார்க்கிறவர்களிடம் சிரிக்கிற மரியாதைச் சிரிப்பு. உதட்டை அசைத்தாள்.

'படம் நல்லா இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும். எலெக்ட்ரிக்கல்ல இருக்காவ. நீங்க கெளம்புங்க அண்ணாச்சி, அவிய வார நேரம். வேத்து ஆம்பள பக்கத்துல உக்காந்து பேசுதேன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாவ. கோவப்பட மாட்டாவ, சங்கடப்படுவாவ.'

கோமதிக்கு மில் பாஷை தெரியாது. "அம்மா என்னப்பா சொல்லுதா?"

"நாளைக்கும் இதே படம் போடச் சொல்லுதா."

கோமதி அழுதுகொண்டே பையிலிருந்து சேலைகளை எடுத்து பீரோவில் வைத்தாள். ச. என்னைப் பார்த்து வாசலைக் காட்டி இன்னொரு தடவை தலையசைத்தாள், பாவம், எவ்வளவு பக்குவமாக. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி 6.50. எத்தனை மணிக்கு நான் வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று தெரியவில்லை.